சேலத்துல இருந்து அப்பாவ சென்னை கூட்டிட்டுப் போகணும், ஆத்தூர் ரோடா கிருஷ்ணகிரி ரோடா?

கொண்டலாம்பட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கங்க. அப்பாவுக்குப் போன மாசம் சென்னைல முதுகுத்தண்டுல ஆபரேஷன் ஆச்சு. இன்னும் ஆறு மாசத்துக்கு மாசம் ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லிட்டாங்க. ட்ரெயின்ல போலாம்னா ஸ்டேஷன்ல படி ஏறி எறங்க முடியாது, அதனால மாமாவோட கார வாங்கி முன் சீட்ட நல்லா சாச்சுப் படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போறதா இருக்கோம். நான் இதுவரைக்கும் கோயம்புத்தூர் பக்கம் தான் ஓட்டிருக்கேன், சென்னைக்கு ஓட்டினதே இல்ல.

ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழி நல்லதா, இல்ல தொப்பூர் ஏறி கிருஷ்ணகிரி, வேலூர் வழி நல்லதா? குலுக்கல் எதுல கம்மி? அதுதான் எனக்கு முக்கியம், அரை மணி நேரம் சேந்தாலும் பரவால்ல. டோல் எத்தன வரும்னும் தெரிஞ்சா சொல்லுங்க. ராத்திரி கெளம்பினா காலைல போயிடலாம்னு மாமா சொல்றாரு.

அயோத்தியாபட்டணத்தான்:
ஆத்தூர் வழியே போங்க தம்பி. சுமார் 340 கிமீ. சேலம் உளுந்தூர்பேட்டை 136 கிமீ, அது என்.ஹெச். 79, பழைய ஆளுங்க இன்னும் 68னு தான் சொல்லுவாங்க. உளுந்தூர்பேட்டைல திருச்சி ரோட்டுல சேந்துட்டா அப்புறம் நேரா விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு.

டோல் ஆறு: மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர். இதுல ஆத்தூர்னு வர்றது நம்ம ஆத்தூர் இல்ல, திண்டிவனம் தாண்டி இருக்குற ஆத்தூர். ஃபாஸ்டேக் மெசேஜ் பாத்துட்டு எங்க மச்சான் ஒருத்தர், ஆத்தூர் தாண்டி மூணு மணி நேரம் ஆச்சு இப்பதான் காசு எடுக்குறான், தப்பா எடுத்துட்டான்னு கம்ப்ளெய்ண்ட் குடுக்கவே போயிட்டாரு, அதான் சொல்றேன்.

மாசா மாசம் போறதா இருந்தா வருஷ பாஸ் பாருங்க. 2025 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சாங்க, ஆரம்பத்துல 3000 ரூபா, 200 தடவ டோல் தாண்டலாம் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது. ஒரு தடவ போயிட்டு வந்தா 12 கழியும். ஆறு தடவைக்கு 72. மிச்சத்துக்கு நீங்க கோயம்புத்தூர் போய்க்கலாம், வைகுந்தம், விஜயமங்கலம் ரெண்டுலயும் செல்லும். ஆனா பாஸ் கார் நம்பரோட சேந்தது, மாமா கார்ல எடுத்தா மாமா கார்ல மட்டும் தான்.

சங்ககிரி_லோடு:
தம்பி, மாமா சொல்ற மாதிரி ராத்திரி கெளம்பாதீங்க. இத மொதல்ல மனசுல வெச்சுக்கோங்க. நான் 22 வருஷமா லாரி ஓட்டுறேன், இப்ப சொந்தமா ரெண்டு வண்டி இருக்கு, இந்த ரோட்ட நாலு வழியா மாத்துறதுக்கு முன்னாலயும் பாத்துருக்கேன், பின்னாலயும் பாத்துருக்கேன்.

அந்த ரோட்டுல என்ன விஷயம்னா, நாலு வழியா நல்லா அகலமா போயிட்டே இருக்கும், நடுவுல தடுப்பு இருக்கும், எதிர்க்க வர்ற வண்டி நம்ம பக்கம் வராதுங்கற நெனப்புல கால் அழுத்திட்டே போவோம், திடீர்னு ஊர் பைபாஸ் வரும், தடுப்பு முடிஞ்சிடும், ரோடு சுருங்கும், எதிர் வண்டி நேருக்கு நேரா ஹை பீம் அடிச்சுட்டு வருவான். வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி பைபாஸ் எல்லாம் ரெண்டு வழியாத்தான் கட்டினாங்க. புதுசா வர்றவனுக்கு இது தெரியவே தெரியாது. நூறுல வந்த வண்டிய அம்பதுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள என்ன வேணா நடந்துரும். அகலப்படுத்தணும்னு வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு அப்புறந்தான் ஒத்துக்கிட்டாங்க. வேலை நடக்குற எடத்துல டைவர்ஷன் இருந்தா அது இன்னும் மோசம், ராத்திரில போர்டே தெரியாது.

காலைல அஞ்சரைக்குக் கெளம்புங்க. தலைவாசல்ல காய்கறி மார்க்கெட் இருக்கு, காலைல ரோட்டோரம் பூரா மினி லாரியும் ஆட்டோவும் நிக்கும், அங்க மட்டும் மெதுவா போங்க. அப்பாவ எறக்கி ரெஸ்ட் குடுக்க உளுந்தூர்பேட்டை தோது, நெறய ஹோட்டல் இருக்கு.

கிருஷ்ணகிரி வழி வேணாம். போறப்ப தொப்பூர் ஏத்தம், பிரச்சின இல்ல. வர்றப்ப எறக்கம்.

வாழப்பாடி_டீக்கடை:
சங்ககிரி அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. எங்க வீட்டுக்கும் அந்த பைபாஸுக்கும் நடுவுல ஒரு தோட்டம் தான். ராத்திரி டமார்னு சத்தம் கேட்டா எங்க அம்மா எந்திரிச்சு உக்காந்து முருகா முருகாம்பாங்க, நானும் தம்பியும் டார்ச் எடுத்துட்டு ஓடுவோம். இப்படி எத்தன ராத்திரின்னு கணக்கே இல்ல. என் கைலயே ஒரு பையன் தண்ணி கேட்டு உசுர விட்டான், பெரம்பலூர் பக்கத்துப் பையன், காலேஜ் ஐடி கார்டு கழுத்துல தொங்கிட்டு இருந்துச்சு. அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

எங்க அப்பா பழைய ரோட்டுல டீக்கடை வெச்சிருக்காரு. முன்னால பஸ்ஸு, லாரி எல்லாம் ஊருக்குள்ள தான் வரும், விடிய விடிய யாவாரம் நடக்கும், நானும் தம்பியும் அந்தக் கடைல வந்த காசுல தான் படிச்சோம். பைபாஸ் வந்ததும் ஆறே மாசத்துல பாதி ஆச்சு. அது போகட்டும், ரோடு வந்தா அப்படித்தான்னு மனச தேத்திக்கிட்டோம். ஆனா ஊருக்குள்ள வர வேண்டிய ரோட்ட வெளிய கொண்டு போனவங்க, அத ஒழுங்கா நாலு வழியா கொண்டு போயிருக்கக் கூடாதா? முழு ரோட்டுக்கும் டோல் கட்டுறோம்ல?

கொண்டலாம்பட்டிக்காரன்:
படிக்கவே மனசு கஷ்டமா இருக்குங்க அக்கா. ராத்திரிப் பயணம் இல்லன்னு முடிவு பண்ணிட்டேன், மாமாகிட்டயும் சொல்லிட்டேன்.

கேக்கணும்னு இருந்தேன், அந்த டோல் காசு எப்படித்தான் போடுறாங்க? ரோடு எப்படி இருந்தாலும் ஒரே காசா?

கணக்குப்புள்ள_அம்மாபேட்டை:
நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், லாரி ஓனருங்க கணக்கு பாக்குறதால இது கொஞ்சம் தெரியும். அடிப்படை 2008ம் வருஷத்து கட்டண விதி. அதுல 2007–08 விலைவாசிப்படி கிமீக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட் இருக்கு: கார் ஜீப்புக்கு 65 பைசா, மினி பஸ், சின்ன சரக்கு வண்டிக்கு 1.05, பஸ் லாரிக்கு 2.20, நாலுல இருந்து ஆறு ஆக்ஸில் வண்டிக்கு 3.45, ஏழும் அதுக்கு மேலயும் 4.20. வருஷா வருஷம் இதுல 3 சதவீதம் கண்டிப்பா ஏறும், அதுகூட மொத்த விலைக் குறியீடு எவ்வளவு ஏறுச்சோ அதுல 40 சதவீதம் சேரும். அதனால விலைவாசி ஏறாத வருஷத்துலயும் டோல் ஏறிடும். தமிழ்நாட்டுல பாதி டோல்ல ஏப்ரல் 1, மீதிப் பாதில செப்டம்பர் 1. நம்ம மேட்டுப்பட்டி, ஓமலூர், வைகுந்தம் எல்லாம் செப்டம்பர் கணக்கு.

வாழப்பாடி அக்கா கேட்டதுக்கு நேரா வர்றேன். அதே விதிலயே ரெண்டு வழி ரோட்டுக்கு நாலு வழி ரேட்டுல 60 சதவீதம் தான்னு இருக்கு. பத்து கோடிக்கு மேல செலவு பண்ணின பைபாஸா இருந்தா அந்த நீளத்துக்கு ஒன்றரை மடங்கு வாங்கலாம்னும் இருக்கு. அதாவது சட்டத்துக்கே தெரியும், ரெண்டு வழி ரோடும் நாலு வழி ரோடும் ஒரே தரம் இல்லன்னு. அதனால டோல்ல எந்த கிமீ எந்த ரேட்டுல கணக்குப் போட்டுருக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு. கோவப்படுறத விட இது பிரயோஜனம்.

இன்னொண்ணு, ஒரே ரோட்டுல ஒரு டோலுக்கும் அடுத்த டோலுக்கும் 60 கிமீ இருக்கணும்கறதும் அதே விதி தான். விதிவிலக்கு வெச்சு நெருக்கமாவும் போடலாம்னு பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, அங்கதான் எல்லாம் நழுவிடுது.

குரங்குச்சாவடி_77:
எல்லாம் சரிங்க. ஆனா ஒரு நிமிஷம் பழச நெனச்சுப் பாருங்க. 2000ல நான் சென்னைல வேலைக்குச் சேந்தப்ப சேலத்துல ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஏறினா, உளுந்தூர்பேட்டை வர்றதுக்குள்ளயே நடுச்சாமம் ஆயிடும். ஒரு லாரிய முந்தறதுக்குள்ள நாலு தடவ வெளிய எட்டிப் பாத்துட்டு உள்ள வருவான் டிரைவர். ஒவ்வொரு புளியமரத்துலயும் வெள்ளச் சுண்ணாம்பு அடிச்சிருக்கும், அதுல வண்டி உரசின தழும்பு இருக்கும். அப்பவும் ஆளுங்க செத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. இப்ப ஆறு மணி நேரத்துல வீட்டுக்கு வந்து எங்க அம்மா கையால சாப்புடுறேன். அதுக்குக் காசு கட்டுறது எனக்கு வலிக்கல. ரோடு போடாம விட்டிருந்தா இன்னிக்கு நம்மூரு சென்னைக்கு ரொம்ப தூரத்துல கெடந்திருக்கும்.

வாழப்பாடி_டீக்கடை:
ரோடு வேணாம்னு நான் எங்கயும் சொல்லலைங்க சார். நீங்க ஆறு மணி நேரத்துல வீட்டுக்கு வரணும், நல்லா வரணும். அந்த ஆறு மணி நேரத்துல எங்க ஊர தாண்டுற ஏழு நிமிஷமும் பத்திரமா இருக்கணும்னு தான் சொல்றேன்.

ஆத்தூர்_சேகோ:
இந்த ரோடு இல்லன்னா எங்க தொழிலே இல்ல, அதனால குரங்குச்சாவடி சார் சொல்றதையும் நான் ஒத்துக்கறேன். எங்களுக்கு ஜவ்வரிசி மில்லு. குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, தோண்டி எடுத்தா ரெண்டு நாளைக்குள்ள மில்லுக்கு வந்தாகணும், லேட்டாக லேட்டாக மாவு கொறையும், எங்க பாஷைல பாயிண்ட் எறங்கும், பாயிண்ட் எறங்கினா விவசாயிக்கு வெல எறங்கும். கல்வராயன் மலைல இருந்து, தர்மபுரில இருந்து, நாமக்கல் பக்கத்துல இருந்துனு நாலா பக்கமும் கிழங்கு வருது. நல்ல ரோடு வந்தப்புறம் சாயங்காலம் தோண்டின கிழங்கு விடியறதுக்குள்ள மில்லு வாசல்ல நிக்குது. இதனால லாபம் எங்களுக்கு மட்டும் இல்ல, பாயிண்ட் எறங்காம இருக்கறதுல விவசாயிக்கும் உண்டு.

சரக்கு போறது வடக்க தான். மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம் எல்லாம் நவராத்திரி விரதத்துக்கு சாபுதானா கிச்சடி தான் சாப்புடுவாங்க, அந்த சாபுதானால பெரும்பங்கு நம்ம சேலம் சரக்கு. 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துச்சு. இங்க இருந்து லோடு ஓமலூர் போய் தொப்பூர் ஏறி பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர்னு ஒரே ரோட்டுல போகும், என்.ஹெச். 44. முன்னால அது 7, வாரணாசில இருந்து கன்னியாகுமரி. 2010ல நம்பர் மாத்தினப்ப ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே ரோடாக்கி 44னு வெச்சாங்க, நாட்டுலயே நீளமான தேசிய நெடுஞ்சாலை, 3700 கிமீக்கும் மேல.

ஆனா சின்ன மில்லுக்காரனுக்கு டோல் எப்படி அடிக்குதுன்னும் சொல்லணும். கிழங்கு லாரி லோடோட வரும், காலியா திரும்பும். காலி வண்டிக்கும் அதே ஃபீஸ். அந்தக் காச கடைசில யார் குடுக்குறா? வாடகைல ஏறி, கிழங்கு வெலைல தான் கழியுது.

சங்ககிரி_லோடு:
44 பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன், தொப்பூர சொல்லாம விட்டா மனசு கேக்காது.

தர்மபுரி மேடு, சேலம் பள்ளம். தொப்பூர் கணவாய் தான் அந்த மேட்டுல இருந்து கீழ எறங்குற படி. மூணு நாள் ஓட்டி வந்த டிரைவருக்கு தொப்பூர் வந்தா வீடு வந்த மாதிரி, சங்ககிரி, நாமக்கல் பசங்க வண்டினா சொல்லவே வேணாம். அந்த அசதிலயும் ஆசைலயும் டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு உருட்டுவான். நானும் வயசுல பண்ணிருக்கேன். முப்பது டன் வண்டி நியூட்ரல்ல எறங்கினா இன்ஜின் புடிக்காது, பூரா சுமையும் பிரேக்குக்கு வந்துரும், மிதிக்க மிதிக்க லைனர் காயும், ஏர் எறங்கும், ரெட்டைப் பாலத்துக்கிட்ட வர்றப்ப மிதிச்சா வெறும் காத்து மாதிரி இருக்கும். 2024 ஜனவரில அங்க லாரிங்களும் காரும் மோதி தீப்பிடிச்சு நாலு பேரு செத்த வீடியோவ நீங்க எல்லாரும் பாத்துருப்பீங்க. அதுக்கு முன்னாலயும் எத்தனயோ. வளைவ எடுத்துட்டு மேல் பாலமா புது ரோடு போடப் போறாங்க, நல்லது. ஆனா டிரைவர் பசங்க யாராச்சும் இதப் படிச்சா, ஏறுற கியர்லயே எறங்குங்க சாமி. நியூட்ரல்ல மிச்சமாகுற டீசல் ரெண்டு மூணு லிட்டர் கூட இருக்காது.

அதே ரோட்டுல நாக்பூர் தாண்டி பென்ச் காடு வரும். அங்க ரோட்டையே தூண் மேல தூக்கி பாலமா கட்டிருக்காங்க, எதுக்குன்னா கீழ புலியும் மானும் தாண்டிப் போறதுக்கு. ஒரு பாலம் முக்கா கிலோமீட்டர் நீளம். மொதல்ல பாத்தப்ப வண்டிய ஓரங்கட்டி நின்னு பாத்தேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, யாரோ ஒருத்தன் உக்காந்து அந்தப் புலிக்காக யோசிச்சிருக்கான்னு. ஜம்முல இருந்து ஸ்ரீநகர் போற வழில 9 கிமீ சுரங்கமும் இதே 44ல தான், 2017ல தொறந்தது. இவ்வளவு பண்ணத் தெரிஞ்ச கைக்கு வாழப்பாடில ஸ்கூல் புள்ளைங்க தாண்ட ஒரு சுரங்கப்பாதை பெரிய விஷயம் இல்ல. கேட்டுட்டே இருக்கணும்.

பூலாவரி_தென்னை:
ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், எழுதலாமா வேணாமான்னு இருந்துச்சு. சென்னைக்கு நல்ல ரோடுன்னு பேசுறப்ப எட்டு வழிச் சாலைய யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன்.

2018ல அறிவிச்சாங்க. 277 கிமீ, பத்தாயிரம் கோடி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியா வந்து நம்ம அரியானூர்ல முடியணும். ரெண்டே கால் மணி நேரத்துல சென்னைன்னு சொன்னாங்க. மஞ்சவாடி எறங்கி, குப்பனூர், ராமலிங்கபுரம், அச்சாங்குட்டப்பட்டி, பூலாவரினு வரிசையா நிலம் எடுக்க அளந்து கல்லு நட்டாங்க. எங்க தோட்டத்துல நடுவால மூணு கல்லு. கெணறு இந்தப் பக்கம், தென்னை அந்தப் பக்கம். எங்க அப்பாயி அந்தக் கல்ல கட்டிப் புடிச்சுட்டு மண்ணுல பொரண்டு அழுதாங்க. எழுபது வயசு. வெயில்ல கெடந்தாங்க, தூக்கி விட்டா திரும்பப் போய் விழுந்தாங்க.

2019 ஏப்ரல் 8ம் தேதி ஹைகோர்ட் நிலம் எடுக்குற அறிவிப்ப ரத்து பண்ணுச்சு. அன்னிக்கு ஊருல பொங்கல் மாதிரி இருந்துச்சு. 2020 டிசம்பர் 8ல சுப்ரீம் கோர்ட், பட்டால பேர் மாத்தினது தப்பு, ஆனா அரசாங்கம் வேணும்னா மொறப்படி திரும்ப ஆரம்பிக்கலாம்னு சொல்லிருச்சு. அதனால எங்களுக்கு முடிஞ்சும் முடியாம இருக்கு. அப்பாயி அதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. புதுசா போர் போடலாமா, வீட்டுக்கு மாடி எடுக்கலாமான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறோம்.

எனக்கு ரோடு மேல கோவம் இல்ல. ஆனா இருக்குற ஆத்தூர் ரோட்டுல பைபாஸ மொதல்லயே நாலு வழியா போட்டிருந்தா, இன்னொரு ரோட்டுக்கு எங்க தோட்டத்த கேக்குற நெலமையே வந்திருக்காதுல்ல.

குரங்குச்சாவடி_77:
உங்க அப்பாயி பத்திப் படிச்சதும் என்ன எழுதறதுன்னே தெரியல. அப்ப நான் சென்னைல இருந்துட்டு, சீக்கிரம் போடுங்கப்பான்னு நெனச்ச ஆளுல ஒருத்தன். இப்பவும் சொல்றேன், சேலத்துக்குத் தொழில் வரணும்னா ரோடு வேணும், எங்க பசங்க எல்லாம் வெளியூர்ல கெடக்காங்க. ஆனா உங்க கடைசி வரி சரி. இருக்குறத ஒழுங்கா முடிக்காம புதுசு கேட்டது தப்பு. அத ஒத்துக்கறேன்.

வாத்தியார்_செவ்வாய்ப்பேட்டை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் குடுத்தவன், பசங்களுக்கு எப்பவும் ஒரு படம் போட்டுக் காட்டுவேன், அத இங்க வார்த்தைல சொல்றேன்.

சேலத்த சுத்தி மலை. வடக்க சேர்வராயன். அதுக்கு மேக்கால தொப்பூர் கணவாய், கிழக்கால மஞ்சவாடி கணவாய். கிழக்க கல்வராயன் ஒரு பக்கம், பச்சைமலை ஒரு பக்கம், நடுவுல வசிஷ்ட நதி ஓடுற சமவெளி, அதுல தான் உங்க ஆத்தூர் ரோடு போகுது. மேக்க போனா பாலக்காட்டுக் கணவாய், அதுல கொச்சி ரோடு. ஆக ரோடு போட்டவன் எவனும் புதுசா வழி கண்டுபுடிக்கல. மலை எங்க விட்டுச்சோ அங்க தண்ணி போச்சு, தண்ணி போன எடத்துல மாடு போச்சு, மாட்டு வண்டி போச்சு, பட்டாளம் போச்சு. தொப்பூர் வழியா மேல ஏறினா பாராமகால், அதாவது இப்போதைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம். திப்பு சுல்தான் 1792ல சேலத்தையும் பாராமகாலையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக் குடுத்தப்ப இந்தக் கணவாயும் அவங்க கைக்குப் போச்சு.

இதுல என்ன சிக்கல்னா, கணவாய்ங்கறது குறுகலான எடம். ஊரும் அங்கதான், வயலும் அங்கதான், ஆறும் அங்கதான், ரயிலும் அங்கதான், ரோடும் அங்கதான். கொங்கு நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் மைசூருக்கும் போற எல்லாச் சரக்கும் நம்ம ஜனங்க வீட்டு வாசல் வழியா தான் போயாகணும். அதனால தான் மத்த ஊர விட நம்மூருல சர்வீஸ் ரோடும், தாண்டுற பாலமும், அடிப்பாதையும் அதிகமா வேணும். திட்டம் போடுறவங்க மேப்ப எடுத்து வெச்சா கோடு மட்டும் தெரியும், வாசல் தெரியாது.

திருச்சூர்_மருமக:
பொறந்தது சூரமங்கலம், கல்யாணம் ஆகி வந்தது திருச்சூர். சேலம் கொச்சி ரோடு, என்.ஹெச். 544, அதுல தான் என் பொழப்பு பூரா ஓடுது. குதிரான் சுரங்கம் 2021ல தொறக்குறதுக்கு முன்னால அந்த ஏத்தத்துல ராத்திரி பூரா வண்டில உக்காந்திருக்கேன், கைக்கொழந்தையோட. இப்ப ஒரு கிலோமீட்டர் சுரங்கம், ரெண்டு நிமிஷம்.

நான் சொல்ல வந்தது வேற. அதே ரோட்டுல திருச்சூர் தாண்டி பாலியேக்கரைனு ஒரு டோல். 2012ல இருந்து வாங்குறாங்க. 2025ல அடிப்பாதை கட்டுறோம்னு ரோட்ட தோண்டிப் போட்டு, சர்வீஸ் ரோடும் குண்டும் குழியுமா கெடந்து, மணிக்கணக்கா வண்டி நின்னுச்சு. ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 ஆகஸ்ட் 6ம் தேதி கேரளா ஹைகோர்ட் டோல் வாங்குறதையே நிறுத்தி வெச்சுச்சு. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயும் அங்க நிக்கல. ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு வண்டிக்கும் ஒத்தப் பைசா வாங்கல, அக்டோபர் மாசம் தான் திரும்ப ஆரம்பிச்சாங்க.

ரோடு சரியில்லன்னா டோல் கேக்க உரிமை இல்லன்னு கோர்ட்டே சொன்னது நம்ம சேலத்துல ஆரம்பிக்கிற ரோட்டுல தான் நடந்துருக்கு. வாழப்பாடிக்கா, கணக்குப்புள்ள சார், நீங்க ரெண்டு பேரும் சேந்து அந்தத் தகவல் உரிமை மனு போடுங்க. எங்க ஊருல மனு போட்டவங்களும் நம்மள மாதிரி ஆளுங்க தான்.

கணக்குப்புள்ள_அம்மாபேட்டை:
நல்ல தகவலுங்க. கேள்விய நான் எழுதித் தர்றேன். எந்த கிமீல இருந்து எந்த கிமீ வரைக்கும் ரெண்டு வழி, அதுக்கு என்ன ரேட், அகலப்படுத்துற வேலை எந்தத் தேதிக்குள்ள முடியணும், அதுவரைக்கும் கட்டணத்துல கழிவு உண்டா. நாலே கேள்வி. வாழப்பாடி அக்கா, உங்க ஊர்ல இருந்து ஒரு பத்து பேரு தனித்தனியா போட்டா நல்லது.

வாழப்பாடி_டீக்கடை:
பத்து என்னங்க, அம்பது பேரு போடுவாங்க. எங்க அப்பா மொத ஆளா கையெழுத்துப் போடுறேங்கறாரு.

ஏற்காடு_மிளகு:
ஏற்காடு மேல இருந்து ஒரு சேதி. எங்களுக்கு டோலே கெடையாது, இருபது கொண்டை ஊசி வளைவு தான். காப்பி, மிளகு எல்லாம் அதுல தான் எறங்கி வருது. 1820கள்ல கலெக்டரா இருந்த காக்பர்ன் காப்பிச் செடி கொண்டு வந்தப்ப எல்லாம் குதிரைலயும் ஆள் தலைலயும் தான்.

சாயங்காலம் இங்க லேடிஸ் சீட்ங்கற வியூ பாயிண்ட்ல நின்னா சேலம் பூரா தெரியும். இருட்டினதும் நாலா பக்கம் ரோடு மட்டும் வெளிச்சமா ஊர்ந்து போகும். சின்ன வயசுல எங்க தாத்தா அதக் காட்டி, அந்தா போறது மதுர, இந்தா போறது கோயமுத்தூருனு சொல்லுவாரு. தம்பி, உங்க அப்பா நல்லானதும் ஒரு நாள் மேல கூட்டிட்டு வாங்க, ஆனா வளைவுல முதுகு வலிக்கும், ஆறு மாசம் போகட்டும். குப்பனூர் வழியா வாங்க, வண்டி கூட்டம் கம்மி.

அயோத்தியாபட்டணத்தான்:
தம்பி, ஒண்ணு விட்டுட்டேன். கெளம்பறதுக்கு முன்னால ஃபாஸ்டேக்ல காசு இருக்கான்னு பாருங்க. டேக் வேல செய்யலன்னா கையில குடுத்தா ரெண்டு மடங்கு, யூபிஐல கட்டினா ஒண்ணே கால் மடங்குன்னு 2025 நவம்பர்ல வெச்சாங்க. எனக்கு ஒரு டோல்ல ஒரே நேரத்துல ரெண்டு தடவ எடுத்துட்டாங்க, 1033க்கு அடிச்சு, பேங்க்லயும் சொல்லி, வாரம் கழிச்சு வந்துச்சு. மெசேஜ அழிக்காம வெச்சிருங்க. 1033 ஆம்புலன்ஸுக்கும் வண்டி நின்னா தூக்கறதுக்கும் கூட ஆகும், போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

கொண்டலாம்பட்டிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வியாழக்கிழமை காலைல கெளம்புறோம். போயிட்டு வந்து எழுதறேன்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
போயிட்டு வந்துட்டோம்ங்க. காலைல 5.40க்கு சீலநாயக்கன்பட்டில ஏறினோம். மேட்டுப்பட்டி டோல் தாண்டி வாழப்பாடி பைபாஸ் ஆரம்பத்துல வண்டிய அம்பதுக்குக் கொண்டு வந்துட்டேன், பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிச்சுட்டே வந்தான், அடிக்கட்டும்னு விட்டுட்டேன். அப்பா என்னடா மெதுவா போறங்கறாரு, இங்க ரோடு ரெண்டாயிடும்ப்பான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் வெளிய பாத்துட்டு, ஓரத்துல ஒரு எடத்துல செவந்திப் பூ மால போட்டு வெச்சிருந்தத காட்டி, யாரு பெத்த புள்ளயோன்னாரு. வாழப்பாடி அக்கா, உங்கள நெனச்சுக்கிட்டேன்.

ஆத்தூர் தாண்டினதும் குலுக்கல் கொஞ்சம் இருந்துச்சு, பாலம் சேர்ற எடத்துல எல்லாம் ஒரு தூக்கு தூக்குது, அங்க மட்டும் அப்பா கைப்பிடிய புடிச்சுக்கிட்டாரு. தலைவாசல்ல சங்ககிரி அண்ணா சொன்ன மாதிரியே வண்டி நின்னுச்சு, பதினஞ்சு நிமிஷம். உளுந்தூர்பேட்டைல எறக்கி அரை மணி நேரம் பெஞ்சுல படுக்க வெச்சோம், ரெண்டு இட்லி சாப்புட்டாரு. அங்கிருந்து நல்லா தூங்கிட்டாரு. செங்கல்பட்டு தாண்டின நெரிசல்ல தான் முழிச்சாரு. மொத்தம் ஏழு மணி நேரம் ஆச்சு.

தையல் நல்லா ஆறிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அடுத்த மாசம் 14ம் தேதி வரச் சொல்லிருக்காங்க. திரும்பறப்ப வாழப்பாடில பழைய ரோட்டுல எறங்கி உங்க அப்பா கடைல டீ குடிக்கலாம்னு எங்க அப்பா சொல்றாரு. கடை எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க அக்கா.

வாழப்பாடி_டீக்கடை:
பஸ் ஸ்டாண்டு தாண்டி சேலம் போற பக்கமா வந்தீங்கன்னா, எடது கைல, வேப்பமரத்தடி. சாஞ்சு உக்கார்ற சேர் ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்றேன்.